வாசகர் கேட்டவை: எல்.எஸ்.யு. தோற்காத ஆண்டு

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் பார்க்க ஒரு லட்சம் பேர் கூடுகிறார்களாமே! உங்களுக்கு மிகவும் பிடித்த சாம்பியன் அணி எது?
– வாசகர், மதுரை

அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை; முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து ஓடியும் வீசியும் ஆடுவது. பிடித்த அணியா? யோசிக்கவே வேண்டாம். 2019-ல் ஆடிய லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி அணிதான். சுருக்கமாக எல்.எஸ்.யு. பேட்டன் ரூஜ் நகரில் இருக்கும் அவர்களுடைய மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் உண்டு. அந்த சீசனில் 15 ஆட்டம், 15 வெற்றி. 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதிப் போட்டியில், தொடர்ந்து 29 ஆட்டங்களில் தோற்காமல் வந்திருந்த கிளெம்சனை 42-25 என்று வென்றார்கள்.

சாம்பியன்கள் வருடா வருடம் வருகிறார்கள். இந்த அணி மனதில் தங்கிவிட்டதற்குக் காரணம், வேறு இடங்களில் ஓரங்கட்டப்பட்டவர்கள் ஒன்று சேர்ந்து ஜெயித்ததுதான். பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான் லூசியானா மண்ணின் மைந்தர். லாரோஸ் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். மிசிசிப்பி பல்கலைக்கழகம் 2007-ல் அவரை வேலையை விட்டு அனுப்பியது. 2013-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடைக்காலப் பொறுப்பேற்று, எட்டு ஆட்டங்களில் ஆறை வென்று கொடுத்தார். அங்கேயும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. எல்.எஸ்.யு.விலும் 2016-ல் தற்காலிகமாகத்தான் பொறுப்புக்கு வந்தார்.

வந்தவர் செய்த பெரிய காரியம், தன்னைவிடப் பல வயது இளையவரின் பேச்சைக் கேட்டது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவதும், எதிரணியைத் தடுத்து நிறுத்துவதும்தான் எல்.எஸ்.யு.வின் பழைய பாணி. 2019 தொடக்கத்தில் ஜோ பிரேடி என்ற 29 வயதுக்காரரை அழைத்து வந்தார்கள். ஐந்து பேரை ஒரே நேரத்தில் பாஸ் வாங்க ஓடவிடும் முறையை அவர் கொண்டுவந்தார். யாரைக் காவல் காப்பது என்று தெரியாமல் எதிரணி திணறியது.

ஜோ பர்ரோவை ஓஹாயோ ஸ்டேட் எப்படி விட்டுவிட்டது?
– வாசகர், சேலம்

எல்.எஸ்.யு.வின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்தான் பர்ரோ. முன்பு அவர் இருந்த ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் அந்த இடத்துக்கான போட்டியில் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் முந்திவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பர்ரோவுக்குப் பந்து வீசும் கையில் எலும்பு முறிவு வேறு. பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு 2018-ல் எல்.எஸ்.யு.வுக்கு மாறினார். முதல் ஆண்டில் 16 டச் டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி வாங்கித் தரும் வீச்சு), சுமார்தான். அடுத்த ஆண்டு 60! அதுவரை கல்லூரி ஆட்டத்தின் உச்ச மட்டத்தில் ஒரே சீசனில் யாரும் அத்தனை வீசியதில்லை. நூறு பாஸுக்கு 76 சரியாகப் போய்ச் சேர்ந்தன. ஒரே மனிதர், ஒரே சட்டை. மாறியது அவருக்குத் தரப்பட்ட ஆட்டமுறைதான் என்பது என் கருத்து. ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற இரண்டு அற்புதமான கைகள் பந்துக்காகக் காத்திருந்ததும் உண்மை.

ஜெயிப்பதைத் தாண்டி இந்த அணியிடம் நீங்கள் மதிப்பது என்ன சார்?
– கல்லூரி மாணவி, கோவில்பட்டி

இரண்டு விஷயங்கள் சொல்கிறேன் அம்மா.

டிசம்பர் மாதம் பர்ரோவுக்கு ஹைஸ்மன் விருது கிடைத்தது. கல்லூரி வீரருக்கு அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. மேடையில் கண் கலங்கியபடி, தான் வளர்ந்த ஓஹாயோ மாநிலத்தின் ஏதென்ஸ் பகுதியைப் பற்றிப் பேசினார். பள்ளி விட்டு வீடு திரும்பினால் சாப்பாடு போதாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்காகவும்தான் இங்கே நிற்கிறேன் என்றார். அந்தப் பேச்சைக் கேட்டு, ஊர்க்காரர் ஒருவர் அங்குள்ள உணவு வங்கிக்கு நிதி திரட்டத் தொடங்கினார். தொகை 5 லட்சம் டாலரைத் தாண்டியது.

அப்புறம் டிசம்பர் 28. ஓக்லஹோமாவுடன் அட்லாண்டாவில் அரையிறுதி. அன்று காலை லூசியானாவில் நடந்த விமான விபத்தில் துணைப் பயிற்சியாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரின் மருமகள் இறந்துபோனார். ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் ஓர்ஜெரான் அவரிடம் செய்தியைச் சொன்னார். என்ஸ்மிங்கர் போகவில்லை. மைதானத்தின் மேலே பயிற்சியாளர்கள் ஆட்டத்தைப் பார்க்கும் அறையில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்து முடித்தார். பர்ரோ முதல் பாதியிலேயே ஏழு டச் டவுன் பாஸ் வீசினார், முடிவு 63-28. அந்த ஆட்டத்தை எப்போது பார்த்தாலும் எனக்கு அந்த அறையின் நினைவுதான் வரும்.

அடுத்த ஆண்டும் கோப்பையா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. 5 வெற்றி, 5 தோல்வி. 14 பேரைத் தொழில்முறை அணிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. பர்ரோதான் முதல் தேர்வு. பிரேடியும் கிளம்பிவிட்டார். ஓர்ஜெரானின் பதவி 2021 சீசனோடு முடிந்தது.

புதிதாகப் பார்ப்பவன் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?
– வாசகர், ஈரோடு

பலர் அலபாமா ஆட்டத்தைச் சொல்வார்கள். எட்டு முறை வரிசையாகத் தங்களைத் தோற்கடித்த எதிரியை அவர்கள் ஊரிலேயே 46-41 என்று வென்ற ஆட்டம், சரிதான். நான் செப்டம்பர் 7 அன்று டெக்சாஸுடன் ஆடியதைச் சொல்வேன். கடைசி மூன்று நிமிடத்துக்குள் நடப்பதைக் கவனியுங்கள். எல்.எஸ்.யு. 37-31 என்று முன்னிலை. நான்கு முயற்சிக்குள் குறிப்பிட்ட தூரம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இது மூன்றாவது முயற்சி, இன்னும் 17 யார்டு வேண்டும். பழைய எல்.எஸ்.யு.வாக இருந்தால் பந்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியிருக்கும். டெக்சாஸ்காரர்கள் பாய்ந்து வருகிறார்கள். பர்ரோ அவர்களுக்கு நடுவே நழுவி ஜெஃபர்சனுக்கு வீசுகிறார். 61 யார்டு, டச் டவுன். அந்த வீச்சுக்கு முன்னால் அவருடைய கால்கள் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். பந்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.