சித்திரையில் பனி இருக்குமா, டீச்சர்?

பூகோள டீச்சர் பதில்கள், கிருஷ்ணகிரியிலிருந்து

கேள்வி: வணக்கம் டீச்சர். மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் அரையாண்டு லீவு விட்டதும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் அங்கே போகிறோம். ஆல்ப்ஸ் மலையில் 800 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் ஊரில் ஐந்து நாள் தங்கி பனிச்சறுக்குப் பழகலாம் என்று யோசனை. "வருடத்துக்குச் சராசரி 5 மீட்டர் பனி" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. நம்பிப் பணம் கட்டலாமா?
— வாசகி, ஓசூர்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் அம்மா.

2022 டிசம்பர் கடைசி வாரம் இதே போன்ற உயரத்தில் இருக்கும் ஓர் ஊருக்கு மகள் குடும்பத்தோடு போனேன். ஊர் பெயர் வேண்டாம். ரயிலை விட்டு இறங்கினால் எதிரே பச்சைப் புல். மலைச்சரிவின் நடுவில் மட்டும் மெஷின் வைத்துத் தூவிய பனி, வேட்டியை நீளவாக்கில் உலர்த்திய மாதிரி கிடந்தது. அதன் இரண்டு ஓரமும் சேறு. பேத்தி வாடகைக்கு எடுத்த பூட்ஸைக் கழற்ற மனசில்லாமல் விடுதி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். அந்தப் புத்தாண்டு அன்று சுவிட்சர்லாந்தின் டெலமோன் நகரில் வெயில் 20 டிகிரியைத் தாண்டியது. அந்த நாட்டில் ஆல்ப்ஸுக்கு வடக்கே ஜனவரியில் அதற்கு முன் அப்படிப் பதிவானதே இல்லை. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

எங்களுக்குக் கொடுத்த விளம்பரத்திலும் ஒரு சராசரி இருந்தது. அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைப் பலகை ஒன்றை வெளியில் வைத்திருப்பார்கள். காலையில் அதன் மேல் விழுந்திருக்கும் புதுப் பனியை ஸ்கேல் வைத்து அளந்து, குறித்துக்கொண்டு, பலகையைத் துடைத்துவிடுவார்கள். இப்படித் தினமும் அளந்ததைச் சீசன் முழுக்கக் கூட்டினால் வருவதுதான் 5 மீட்டர். விழுந்த பனியோ தன் பாரத்திலேயே அமுங்கும், வெயிலில் உருகும், நடுவில் ஒரு மழை பெய்தால் கரைந்தே போகும். பக்கத்தில் நட்டிருக்கும் அளவுக்கம்பு காட்டுவதுதான் தரையில் உண்மையாகக் கிடக்கும் பனி. சறுக்குகிறவருக்கு அந்தக் கம்பின் கணக்குதான் வேண்டும்.

எங்கள் பள்ளி மைதானத்தில் மழைமானி இருந்தது. காலை எட்டரைக்குப் பிள்ளைகளை வைத்து அளப்பேன், நோட்டில் எழுதுவேன். மொத்த மழை ஏறக்குறைய ஒரே அளவாக இருந்த இரண்டு வருடங்கள் அந்த நோட்டில் உண்டு. ஒன்றில் ஆடிப்பட்டத்துக்குச் சரியாக மழை இறங்கி, பிள்ளைகள் பச்சைக் கடலையைப் பையில் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். இன்னொன்றில் காய் பிடிக்கிற நேரத்தில் வானம் ஏமாற்றி, எல்லாம் ஐப்பசியில் கொட்டியது. கடலைக் கொடி மாட்டுக்குத்தான் ஆயிற்று. எந்த விவசாயியும் வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதில்லை. விதைத்த பிறகு பெய்ததா என்றுதான் கேட்பார். நீங்களும் அப்படித்தான் கேட்க வேண்டும்: நான் போகிற வாரத்தில், நான் நிற்கப்போகிற உயரத்தில், கடந்த 20 வருடத்தில் எத்தனை வருடம் தரையில் 30 சென்டிமீட்டர் பனி கிடந்தது?

மகனிடம் சொன்னால் ஒரு சாயங்காலத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஜெர்மனி வானிலைத் துறை தன் நிலையங்களின் பழைய பதிவுகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்துக்கு டாவோஸில் உள்ள பனி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 20-க்கு 16, 17 வந்தால் தைரியமாகப் போங்கள். 9, 10 வந்தால் அது பூவா தலையா போடுவதுதான். அளக்கும் நிலையம் அடிவாரத்தில் இருக்கிறதா, லிஃப்ட் போய் நிற்கும் உச்சியில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மியூனிக்கில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. வியாழக்கிழமை வானிலை பார்த்து வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுவார்கள். நமக்கு விசா, விமான டிக்கெட் எல்லாம் மாதக்கணக்கில் முன்னால் போட்டாக வேண்டும். அவ்வளவு முன்னால் எந்த வானிலை அறிக்கையும் சொல்லாது. பழைய பதிவு ஒன்றுதான் நமக்குத் துணை.

அடுத்தது உயரம். கிருஷ்ணகிரி 500 மீட்டர் சொச்சம், உங்கள் ஓசூர் 900-ஐ ஒட்டி. அந்த வித்தியாசத்துக்கே நாங்கள் அங்கே வரும்போது சால்வை எடுத்து வருகிறோம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கீழே மழையாக விழுவது மேலே பனியாக விழுவது அதனால்தான். டிசம்பர்தான் என்றால் 1,800 மீட்டருக்குக் கீழே தங்காதீர்கள். ஆஸ்திரியாவில் ஓபர்குர்கல் 1,900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஹின்டர்டுக்ஸ் பனியாற்றில் வருடம் முழுக்கச் சறுக்கலாம். பிரான்சில் வால் தோரான்ஸ் ஊரே 2,300 மீட்டரில்.

என்னைக் கேட்டால், டிசம்பரை விட்டுவிட்டு முழுப்பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் போங்கள். சிரிக்காதீர்கள். "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது நம் ஊர்ப் பனிக்கு. ஆல்ப்ஸில் 2,500 மீட்டருக்கு மேலே பனி சேர்ந்துகொண்டே போய், பங்குனி சித்திரையில்தான் அளவுக்கம்பில் உச்சத்தைத் தொடும். டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில், 2,500 மீட்டர் தாண்டிய உயரத்தில், 1936 முதல் தினமும் அளக்கிறார்கள்; பெரும்பாலான வருடங்களில் அங்கே உச்சம் ஏப்ரலை ஒட்டித்தான் வருகிறது. ஜெர்மனியின் சுக்ஷ்பிட்சே சிகரத்தில் 8 மீட்டர் 30 சென்டிமீட்டர் பனி கிடந்ததும் 1944 ஏப்ரலில்தான். மதியத்துக்கு மேல் பனி இளகிவிடும், அதனால் காலையிலேயே சறுக்கி முடித்துவிட வேண்டும். வெயிலும் இருக்கும், பிள்ளைகளுக்குக் கை விறைக்காது. நாங்கள் இரண்டாம் முறை உயரமான ஊராகப் பார்த்து அப்படித்தான் போனோம். பேத்தி மூன்றாம் நாள் கையில் ஊன்றுகம்பு இல்லாமலே சறுக்கி இறங்கி வந்தாள்.

கேள்வி: பூமி சூடாகிக்கொண்டே போகிறதே டீச்சர், பழைய கணக்கை இனியும் நம்பலாமா?
— கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: நல்ல கேள்வி தம்பி. மேலே 20 வருடம் என்று நான் நிறுத்திக்கொண்டதே இதற்காகத்தான். 60 வருடச் சராசரி எடுத்தால், இப்போது இல்லாத பனியையும் சேர்த்துக் கணக்குக் காட்டும்.

பிரான்சில் 1,325 மீட்டர் உயரத்தில் கோல் டி போர்ட் என்ற இடத்தில் 1960 முதல் அளக்கிறார்கள். 1990-க்கு முந்தைய 30 வருடத்தோடு பிந்தைய 30 வருடத்தை ஒப்பிட்டால், தரையில் கிடக்கும் பனி சராசரியாக 40 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டது. முழங்கால் உயரம் அது. ஆறு ஆல்ப்ஸ் நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் 1971 முதல் 2019 வரையான பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நவம்பர் முதல் மே வரையான பனி ஆழம் பத்து வருடத்துக்கு 8.4 சதவீதம் குறைந்திருந்தது. 2,000 மீட்டருக்குக் கீழே பனிக்காலம் 22 முதல் 34 நாள் சுருங்கிவிட்டது. ஒரு டிகிரி சூடு கூடினால் நம்பகமான பனியின் எல்லை 150 மீட்டர் மேலே ஏறும் என்று கணக்கு. 800 மீட்டர் ஊர்களில் எத்தனை தலைமுறை இதை நம்பிப் பிழைத்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒரு திருத்தமும் சொல்கிறேன். ஆல்ப்ஸ் முழுக்க ஒரே மாதிரி பெய்யாது. தென்மேற்குப் பருவமழையில் கேரளம் நனையும்போது நாம் மழை மறைவில் காய்கிறோம் அல்லவா? அங்கேயும் வடமேற்கிலிருந்து ஈரக்காற்று வந்தால் வடக்குச் சரிவு நிறையும், தெற்கே இத்தாலிப் பக்கம் காயும். ஜெனோவா வளைகுடாவில் தாழ்வழுத்தம் உட்கார்ந்தால் தலைகீழ். அதனால் ஒரு பக்கத்துப் பதிவை வைத்து மறுபக்கத்துக்கு முடிவு கட்டாதே.

கேள்வி: பனி அதிகம் விழுந்த வருடமாகப் பார்த்துப் போனால் அதிக நல்லதுதானே?
— வாசகர், பாலக்கோடு

பதில்: இல்லை ஐயா. 1999 பிப்ரவரியில் ஓயாமல் கொட்டித்தான், 23-ஆம் தேதி ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்தின் மேல் பனிச்சரிவு இறங்கி 31 பேர் இறந்தார்கள். 2018 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் சாலையும் ரயிலும் அடைபட்டு, சுமார் 13,000 பேர் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். பனிச்சரிவு அபாயத்தை அங்கே 1 முதல் 5 வரை எண் போட்டு அறிவிப்பார்கள். தினமும் காலையில் அதைப் பாருங்கள், கொடி நட்ட பாதையை விட்டு வெளியே போகவே போகாதீர்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே மலையை விட்டு இறங்கி, நகரத்தில் வந்து தங்கிவிடுங்கள்.