டேங்க் கசிஞ்சா கறை தெரியும், அடைச்சா?

கேள்வி: சார், பெங்களூர் யெலஹங்கால வீட்டு ஷெட்லயே ரெண்டு சீட் அலுமினியம் விமான கிட் ஒண்ணை சேத்துட்டு இருக்கேன், இப்போ ரெக்கைக்குள்ள வர்ற பெட்ரோல் டேங்க்ல வந்து நிக்குறேன். கிட்டோட வந்த, கசியாம அடைக்கிற சீலன்ட் டேட் முடிஞ்சுபோச்சு. ஜே.சி. ரோட்ல ஒரு மெக்கானிக், கேஸ்கெட்டுக்கு போடுற சிலிகான் ட்யூபே போதும்ங்கிறார். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் சார். அந்த சிலிகான் ஆயில் தாங்கும், ஆனா மாசக்கணக்கா பெட்ரோல்லயே ஊறிக்கிட்டு இருந்தா உப்பி, கொழகொழன்னு ஆகி, பிஞ்சு வந்துடும். கசிவு கூட பரவால்ல, 100எல்எல் ஏவ்கேஸ்ங்கிற விமானப் பெட்ரோல் நீலக் கலர்ங்கிறதால ரிவெட் ஓரத்துல கறையா காட்டிக் குடுத்துடும். பிஞ்ச துண்டு போய், இன்ஜினுக்கு பெட்ரோல் உறிஞ்சுற பிக்கப் வாயை அடைச்சுதுன்னா மேல போன அப்புறம் இன்ஜின் நின்னாதான் தெரியும். பைக் டேங்க்ல ஊத்தி குலுக்குறாங்களே அந்த கோட்டிங்கும் இதே கதைதான், விமான டேங்க்ல தோல் தோலா உரிஞ்ச அனுபவம் நெறைய பேருக்கு இருக்கு.

விமான டேங்க்குக்குன்னே வர்ற பாலிசல்ஃபைடு சீலன்ட் வாங்குங்க. ரெண்டு டப்பா, வெள்ளை பேஸ், கருப்பு ஹார்ட்னர். பெரும்பாலும் எடையில 10க்கு 1, ஆனா உங்க டப்பால போட்டிருக்கிற கணக்குதான் கடைசி, கண் அளவு எல்லாம் கூடாது, சின்ன டிஜிட்டல் தராசு வெச்சுக்கோங்க. ஐஸ்க்ரீம் குச்சியால கலக்கும்போது ஓரத்துல, அடியில எங்கேயும் ஒரு வெள்ளைக் கோடு கூட மிச்சம் இருக்கக்கூடாது, இருந்தா அந்த இடம் இறுகாம பிசுபிசுன்னே நிக்கும். பேர்ல பி-2ன்னு இருந்தா, பி கெட்டியான வகை, 2ங்கிறது கலந்த அப்புறம் பூசக் கிடைக்கிற மணி நேரம், அதுவும் 25 டிகிரி கணக்குல. ஏப்ரல் மத்தியானம் தகர ஷெட்ல அவ்ளோ நேரம் கிடைக்காது, காலையில சீக்கிரம் ஆரம்பிங்க.

டேட் போன டப்பாவை டேங்க்ல போடாதீங்க. இறுகுறா மாதிரி தெரியும், ஆனா ஒட்டிக்கிட்டு நிக்கும்னு சொல்ல முடியாது.

பாதி வேலை பூசுறதுக்கு முன்னாடியே இருக்கு. ஒட்டுற இடத்தை ஸ்காட்ச்-பிரைட்டால நல்லா சுரண்டி, எம்ஈகே இல்லன்னா அசிட்டோன் மாதிரி கரைப்பான்ல துடைச்சு, அது தானா காயறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணியால துடைச்சு எடுங்க, இல்லன்னா கரைஞ்ச எண்ணெய் அங்கேயே திரும்பப் படிஞ்சிடும். க்ளவுஸ் போடுங்க, கதவைத் திறந்து வைங்க, பக்கத்துல நெருப்பு ஆகாது.

முழுசா இறுகின அப்புறம் டெஸ்ட். கம்ப்ரசரை கனெக்ட் பண்ணிடாதீங்க, டேங்க் பலூன் மாதிரி ஊதிடும். ஒரு டிரான்ஸ்பரன்ட் ட்யூபை யூ மாதிரி வளைச்சு தண்ணி ஊத்தி ஒரு முனையை டேங்க்ல மாட்டி, டேங்க்குக்குள்ள மெதுவா காத்து ஏத்துங்க, ரெண்டு பக்கத் தண்ணிக்கும் 70 செ.மீ. வித்தியாசம் வந்தா 1 பிஎஸ்ஐ அழுத்தம், அதுக்கு மேல போகாதீங்க. அப்புறம் ரிவெட் ரிவெட்டா சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. வெயில் ஏறினாலே உள்ள காத்து விரிஞ்சு தண்ணி மட்டம் ஏறும், இறங்கும், அதைப் பாத்து லீக்குன்னு பயந்துடாதீங்க.

கேள்வி: என் டேங்க் ஃபைபர், எபாக்ஸில பண்ணது. பம்ப்ல கிடைக்கிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் ஊத்தலாமா?

பதில்: எத்தனால் சில எபாக்ஸியை மெதுவாக்கிடும். அதே ரெசின்ல ஒரு துண்டு வார்த்து, மூடின பாட்டில்ல ஈ20 ஊத்தி சில மாசம் ஊறப் போடுங்க, நகத்தால கீறினா பள்ளம் விழுதா பாருங்க. விழுந்தா ஊத்தாதீங்க. விழலன்னாலும் ரெசின் கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, ஹோஸுக்கும் ஃப்ளோட்டுக்கும் சேத்து.