ஆபீஸில் புதிதாகச் சேர்த்த இரண்டாவது பிரிண்டர், சில நாளில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவது ஏன்?

பெரும்பாலும் அதன் ஐபி முகவரி மாறியிருக்கும். ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் தரும் எண்; உதாரணமாக 192.168.1.35. இது நிரந்தரமல்ல, குறிப்பிட்ட காலத்துக்குத்தான். விடுமுறையில் பிரிண்டர் அணைந்து கிடந்தால், திரும்பப் போடும்போது வேறு எண் கிடைக்கலாம். கணினியோ பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். லாட்ஜில் அறை மாறியவருக்குப் பழைய அறைக் கதவைத் தட்டுவது மாதிரி.

அதனால் முதலில் எண்ணை நிலைப்படுத்துங்கள். பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டால் அதில் 12 எழுத்து-எண் கொண்ட மேக் முகவரி (நெட்வொர்க் இணைப்புக்குத் தயாரிப்பாளரே தந்த அடையாள எண்) இருக்கும். ரௌட்டர் அமைப்பில் அதற்கு ஓர் ஐபியை ஒதுக்கிவிடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறு மேக். எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைத்தான் பதிய வேண்டும். (கேபிள் எட்டுமானால் கேபிளே மேல்.)

ரௌட்டரில் ஒதுக்காமல் பிரிண்டரிலேயே எண்ணை எழுதுவதாக இருந்தால், ரௌட்டர் தானாக வழங்கும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாகப் பாருங்கள். இல்லாவிட்டால் யாருடைய போனுக்காவது அதே எண் போய், இரண்டும் மோதும்.

பிறகு விண்டோஸில் ‘டிசிபி/ஐபி முகவரி மூலம் சேர்’ என்பதைத் தேர்ந்து அந்த எண்ணைக் கொடுங்கள். ‘மாடி-கலர்’, ‘வாசல்-கருப்பு’ என்று பெயர் வைத்தால் குழப்பமிருக்காது.

இரண்டு பிரிண்டர் இருந்தால் ஒன்றையொன்று தடுக்கும் என்று சிலர் பழையதை நீக்கிவிடுகிறார்கள்; முகவரி வேறாக இருக்கும்வரை இரண்டும் தாராளமாகச் சேர்ந்து ஓடும்.