14 மாதமும் ஒரு வார இறுதியும்

கேள்வி: ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற விவசாய வீடியோ கேமைப் பார்த்துச் செய்ததுதான் ‘ஸ்டார்டியூ வேலி’. அதைப் பாராட்டும் நீங்கள் ‘2048’ என்ற எண் கேமை மட்டும் ‘த்ரீஸ்’ கேமின் நகல் என்று எழுதுவது என்ன நியாயம்? எல்லாமே எங்கிருந்தோ எடுத்ததுதானே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எடுத்ததுதான், மறுக்கவில்லை. எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

2014 பிப்ரவரியில் ‘த்ரீஸ்’ வந்தது. ஆஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட் இருவரும் 14 மாதம் பாடுபட்டுச் செய்த கேம். நாலுக்கு நாலு கட்டம், அதில் எண் எழுதிய காய்களை நகர்த்திச் சேர்க்க வேண்டும். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று, மூன்றும் மூன்றும் ஆறு. இவ்வளவுதான் விதி. ஒரே மாலையில் தோன்றிய யோசனை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட 500-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களைப் பிறகு வெளியிட்டார்கள். எண்களுக்குப் பதில் சுஷி, சதுரங்கக் காய் என்று எத்தனையோ வேடம் போட்டுப் பார்த்துக் கலைத்திருக்கிறார்கள். அந்த எளிமை, ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து வந்தது.

அடுத்த மாதமே ‘2048’ வந்துவிட்டது. கப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் செய்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். ‘1024’ என்ற இன்னொரு கேமை அடிப்படையாகக் கொண்டது, த்ரீஸைப் போன்றது என்று அவரே எழுதி வைத்தார், காசு வாங்கவில்லை, நிரலையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கொடுத்தார். அதை எடுத்து விளம்பரம் ஒட்டி ஆப் ஸ்டோரை நிரப்பினார்களே, என் கோபம் அவர்கள்மேல்தான். கடைசியில் த்ரீஸையே ‘2048-இன் காப்பி’ என்றார்கள். உழைத்த இருவருக்கும் அது எப்படி இருந்திருக்கும்?

இப்போது ஸ்டார்டியூவுக்கு வருவோம். எரிக் பரோன் நாலரை ஆண்டு தனியாக உட்கார்ந்து நிரல், ஓவியம், இசை எல்லாம் தானே செய்து 2016-இல் வெளியிட்டார். 1996-இல் தொடங்கிய ஹார்வெஸ்ட் மூன் வரிசைமேல் உயிராக இருந்தவர். அது எங்கே சலித்துப்போனது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த முதல் ஹார்வெஸ்ட் மூனில் விவசாயி ஆண் மட்டும்தான். இங்கே ஆணா பெண்ணா என்பது உங்கள் விருப்பம். ஊர் நடுவே இடிந்து கிடக்கும் பொதுக்கூடத்தை விளைச்சலைச் சேர்த்துச் சேர்த்து மீட்கலாம், அல்லது ஜோஜா என்ற பெரிய நிறுவனத்தின் கிடங்காக விட்டுவிடலாம். அந்த இடத்தில் பரோன் தன் சொந்தக் கவலையைப் பேசுகிறார். நம் இலக்கணக்காரர்கள் இதை வழிநூல் என்பார்கள்: முன்னவரோடு ஒத்துப்போய், பின்னவர் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொல்வது. அது இழிவான பெயர் இல்லை.

சட்டத்திடம் போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. விளையாட்டு விதிக்குப் பதிப்புரிமை கிடையாது. 2012-இல் டெட்ரிஸ் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் வென்றதுகூட, தோற்றத்தை அப்படியே எடுத்ததற்காகத்தான். இரண்டு பேர் செய்யும் கேமுக்கு வக்கீல் வைக்கக் காசு ஏது?

த்ரீஸில் காய் ஒரு கட்டம்தான் நகரும். ஒன்றும் ஒன்றும் சேராது. 2048-இல் காய் ஓரம் வரை வழுக்கும். பெரிய எண்ணை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு இரண்டு பக்கமே மாற்றி மாற்றித் தள்ளி வெகுதூரம் போய்விடலாம். இரண்டையும் ஒரு வாரம் ஆடிவிட்டு எழுதுங்கள். இரண்டுக்குக் காத்திருக்கும்போது ஒன்றுகளாகவே வந்து த்ரீஸ் கட்டம் நிறைந்து மூச்சு முட்டும் பாருங்கள், அப்போது 2048-இல் எது காணாமல் போனது என்று உங்கள் விரலுக்கே தெரியும்.