தான் துன்னின் ‘கோஸ்ட் ஓபரா’: தண்ணீரையும் கல்லையும் தாளையும் மேடையேற்றுவது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (இரண்டு வயலின், வியோலா, செல்லோ) வாசிக்கிறோம். தொழில்முறைக் கலைஞர்கள் அல்ல. மேற்கத்தியச் செவ்விசையில் ஹைடன், டிவோராக் வரை வாசித்திருக்கிறோம். சீன இசைக்குழு ஒன்றில் பீபா என்ற நான்கு தந்திச் சீன வாத்தியம் வாசிக்கும் தோழி, சீன இசையமைப்பாளர் தான் துன்னின் ‘கோஸ்ட் ஓபரா’வைச் சேர்ந்து செய்யலாம் என்கிறார். அதில் தண்ணீர், கல், தாள் ஆகியவற்றிலும் ஒலி எழுப்ப வேண்டும். 150 பேர் உட்காரும் அரங்கு. தான் துன்னைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ‘க்ரவுச்சிங் டைகர்’ பட இசை மட்டுமே. அவருடைய இசைக் கொள்கைகளைப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா? தண்ணீர், கல், தாள் எல்லாம் எப்படி ஏற்பாடு செய்வது? தோழிக்கு வர முடியாமல் போனால் பீபாவுக்குப் பதில் கிட்டார் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். கிட்டார் வேண்டாம். வாத்தியத்தை மாற்றினால் அது தழுவல் ஆகிவிடும்; பதிப்பாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், இந்தப் படைப்பில் பீபாக் கலைஞர் வாசிப்பதோடு பாடவும் செய்கிறார். க்ரோனோஸ் குவார்ட்டெட்டுடன் வூ மான் வாசித்துப் பாடிய ஒலிப்பதிவு 1997இல் நன்சச் நிறுவனத்தில் வெளிவந்தது. முதலில் ஐந்து பேரும் அதை ஒருமுறை கேளுங்கள். இரண்டாம் முறை ஆளுக்கொரு பென்சிலோடு, தந்தி அல்லாத ஒலி வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு கேளுங்கள். எவ்வளவு வேலை இருக்கிறது என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.

வாழ்க்கை வரலாறு எவ்வளவு தேவை? வாசிப்புக்கு உதவும் அளவுக்குப் போதும். தான் துன் 1957இல் ஹூனான் மாகாணத்தில், சாங்ஷா நகருக்கு அருகே பிறந்தவர். சாவுச் சடங்குகளும் பேயோட்டும் பூசாரிகளும் அன்றாட வாழ்க்கையின் பகுதியாக இருந்த ஊர்ப்புறம் அது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் நெல் நட அனுப்பப்பட்டார். பிறகு மாகாணப் பீக்கிங் ஓபராக் குழுவில் சேர்ந்தார். மேற்கத்திய இசையை முறையாகப் படித்தது அதற்கப்புறம்தான். மூடிக் கிடந்த பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரி மீண்டும் மாணவர்களைச் சேர்த்தபோது, 1978இல் உள்ளே வந்த புகழ்பெற்ற வகுப்பில் அவர் ஒருவர். சென் யீ, சோவ் லோங், குவோ வென்ஜிங், சென் சிகாங் ஆகியோர் உடன் படித்தவர்கள்.

மாணவராக எழுதிய ‘ஃபெங் யா சோங்’ என்ற நால்வர் படைப்புக்கு 1983இல் டிரெஸ்டனில் வெபர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு சீனாவில், மேற்கத்தியத் தாக்கத்தைக் கண்டித்த ‘ஆன்மிக மாசு’ எதிர்ப்பு இயக்கம் தொடங்க, பரிசு பெற்ற இளைஞரே கண்டனத்துக்கும் ஆளானார். 1986இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த முக்கியமான ஆசிரியர் சோ வென்-சுங், நவீன இசையமைப்பாளர் எட்கர் வரேஸின் சீடர். ‘மார்கோ போலோ’ ஓபராவுக்கு 1998இல் கிராவமயர் இசை விருது, ‘க்ரவுச்சிங் டைகர்’ பட இசைக்கு 2001இல் ஆஸ்கர். அந்தப் புகழ்க்கதையை நிகழ்ச்சிக் குறிப்பில் இரண்டு வரிக்கு மேல் நீட்டாதீர்கள். கேட்க வருபவர்கள் படத்தின் உருகும் செல்லோ மெட்டை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கொள்கைகளைப் பொறுத்தவரை, தனியாகப் புத்தகம் படிக்கத் தேவையில்லை. கையோடு தொடர்புள்ள மூன்று போதும். முதலாவது சோ வென்-சுங் வழியில் வந்தது: ஒரு ஸ்வரம் தன்னளவிலேயே முழுமையான இசைப்பொருள். அது பிறக்கும் விதம், வளையும் விதம், தேயும் விதம் எல்லாம் இசை. ஆகவே வழுக்கலும் (விரலைத் தந்தியில் இழுத்துச் சுருதி மாற்றுவது) அழுத்தமும் இங்கே அலங்காரம் அல்ல. சுருதிக்கு எவ்வளவு கவனமோ அதற்கும் அவ்வளவு. இரண்டாவது, தான் துன் ‘ஆர்கானிக் இசை’ என்று அழைப்பது: தண்ணீர், தாள், கல், மண் ஆகியவற்றுக்கு வயலினுக்குச் சமமான இடம். பின்னாளில் வாட்டர் கான்செர்ட்டோ, பேப்பர் கான்செர்ட்டோ என்று பெரிய மேடைக்குப் போன இந்த எண்ணம், 1994இல் எழுதிய ‘கோஸ்ட் ஓபரா’வில் ஐந்து பேருக்குள் அடங்கியிருக்கிறது. மூன்றாவது, சடங்கு. வாசிப்பவர் நடக்கிறார், கத்துகிறார், பாடுகிறார். தான் துன் அடிக்கடி சொல்லும் ‘1+1=1’ என்பதையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். சீனப் பகுதி, மேற்குப் பகுதி என்று பிரித்து வாசித்தால் படைப்பு இரண்டாக உடைந்துவிடும்.

நேரடியாக ‘கோஸ்ட் ஓபரா’வுக்குள் இறங்காமல், முதலில் ‘எய்ட் கலர்ஸ்’ஸில் ஒரு மாதம் செலவிடுங்கள். நியூயார்க் வந்த புதிதில், 1986-88இல், நால்வருக்கு எழுதிய எட்டுச் சிறு பகுதிகள். தண்ணீர் இல்லை, நடமாட்டம் இல்லை. பீக்கிங் ஓபராவின் குரலும் தாளமும் தந்திக்கு எப்படி வருகின்றன என்பது மட்டும்தான் பாடம். ஹைடன் வாசித்த கைக்கு இரண்டு இடங்களில் இடறும். ஒன்று வழுக்கல். நாம் பழகிய முறையில் விரல் விரைவாகப் போய் இலக்குச் சுருதியில் உட்கார்ந்து, உடனே விப்ராட்டோ (விரலை அசைத்துச் சுருதியை நடுங்கவைப்பது) தொடங்கிவிடும். இங்கே வில் அழுத்தம் குறையாமல், ஒரே விரலில், பயணம் முழுவதும் காதில் விழ வேண்டும். சேர்ந்த பிறகு விப்ராட்டோவைத் தாமதப்படுத்துங்கள் அல்லது விட்டுவிடுங்கள். பீக்கிங் ஓபராவின் ஜிங்ஹூ என்ற இரட்டைத் தந்தி வாத்தியத்தைப் பத்து நிமிடம் கேட்டால், வில்லை, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு எவ்வளவு அருகே கொண்டுபோக வேண்டும் என்பது பிடிபடும்.

இன்னொன்று, மெல்லத் தொடங்கி விரைந்து செல்லும் அடிகள். மேற்கத்தியப் பயிற்சி உள்ளவர்கள் இதை 1, 2, 4, 8 என்று இரட்டித்துவிடுவார்கள், படிக்கட்டு தெரியும். இடைவெளி சிறிது சிறிதாகச் சுருங்க வேண்டும். மிருதங்கத்துக்குச் சொற்கட்டு இருப்பதுபோல பீக்கிங் ஓபராவின் தாளக் கருவிகளையும் ‘சாங்’, ‘தாய்’ போன்ற வாய்ச்சொற்களால்தான் கற்பிக்கிறார்கள். நால்வரும் வில்லைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொல்லிப் பழகுங்கள். வாயில் சேராத நால்வர் வில்லிலும் சேர மாட்டார்கள்.

இனி ‘கோஸ்ட் ஓபரா’. ஐந்து அங்கங்கள், சுமார் 35 நிமிடம். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ‘வெல்-டெம்பர்ட் கிளாவியர்’ என்ற விசைப்பலகைத் தொகுப்பின் இரண்டாம் தொகுதியிலுள்ள சி-ஷார்ப் மைனர் முன்னிசையின் துணுக்கு, துறவிகளின் ஓதல், ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில் கனவைப் பற்றி வரும் வரிகள், தாயை இழந்த சிறுமி பாடுவதான ‘சிறு முட்டைக்கோசு’ என்ற நாட்டுப்பாடல் எல்லாம் ஒன்றோடொன்று பேசுகின்றன. குவார்ட்டெட்டும் பீபாவும் இன்றைய காலம். பாக், துறவிகள், ஷேக்ஸ்பியர், நாட்டுப்பாடல் எல்லாம் கடந்த காலம். தண்ணீர், கல், உலோகம், தாள் என்றென்றைக்குமானவை. இது தான் துன்னே போட்ட பகுப்பு. பாக் வரும்போது உணர்ச்சி பொங்க வாசிக்காதீர்கள். மெல்லிய வில், மிகக் குறைந்த விப்ராட்டோ. அதன் மேல் மற்ற ஒலிகள் ஏறி அதைக் கலைப்பதுதான் நாடகம். பாக் தடித்துவிட்டால் கலைக்க முடியாது. நாட்டுப்பாடலுக்கு உங்கள் தோழி பயிற்சி பெற்ற பாடகியாக இருக்க வேண்டியதில்லை. ஓபராக் குரல் எடுத்தால்தான் கெடும்.

எந்தக் கருவி எங்கே, யார் எப்போது நகர்வது என்பதற்கு ஸ்கோர்தான் முடிவான வழிகாட்டி. கீழே தரும் அளவுகள் உங்கள் அரங்கின் அளவுக்கு எங்கள் பரிந்துரை.

தண்ணீருக்கு ஒளி ஊடுருவும் அகன்ற பாத்திரம் வேண்டும், 40 செ.மீ. குறுக்களவு. 15 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால், நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் ஏறக்குறைய 19 லிட்டர், அதாவது 19 கிலோ. நிரப்பித் தூக்கி வரக் கூடாது. இடத்தில் வைத்துவிட்டு வாளியால் ஊற்றுங்கள், நிகழ்ச்சி முடிந்ததும் ரப்பர்க் குழாய் போட்டு வடித்துவிடுங்கள். மரமேசையில் நேராக வைத்தால் மேசையே முழங்கும். அடியில் மடித்த கறுப்புத் துண்டு போடுங்கள். குளிரூட்டிய அரங்கில் பச்சைத் தண்ணீரில் விரல் விறைத்துப்போய் அடுத்த பக்கத்து வேகப் பகுதி சறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள்.

சொட்டு விழும் ஒலி வராமல் போவது எல்லாக் குழுவுக்கும் நேரக்கூடியது. அந்த ‘டொளக்’ சத்தம் சொட்டு மேற்பரப்பில் மோதுவதால் வருவதில்லை. நீருக்கடியில் சிக்கும் காற்றுக்குமிழி அதிர்வதால் வருகிறது. சோப்பு கலந்தால் மேற்பரப்பு இழுவிசை குறைந்து, குமிழி உருவாவதே கெட்டுப்போகும். பாத்திரம் கழுவும் திரவத்தில் துலக்கிய பாத்திரத்தை நான்கைந்து முறை அலசுங்கள். கையில் பூசிய கிரீமும் இதே வேலையைச் செய்யும். சொட்டும் உயரத்தையும் மாற்றிப் பாருங்கள். ஒலி திறக்கும் உயரம் கண்டுபிடித்ததும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் அமிழ்த்தும் காங் மணிக்கு 25-30 செ.மீ. அளவு போதும். அடித்த பின் அமிழ்த்தினால் சுருதி இறங்கும். உலோகத்தோடு சேர்ந்து தண்ணீரின் நிறையும் அசைய வேண்டியிருப்பதே காரணம். வேகமாக இறக்கினால் ஒலி செத்துவிடும். விளிம்பு நனையும் முதல் சில சென்டிமீட்டரில்தான் அழகு இருக்கிறது, அங்கே நிதானம் தேவை. பாத்திரம் காங்கைவிடக் குறைந்தது 10 செ.மீ. அகலமாக இல்லாவிட்டால் சுவரில் இடித்துக் கணீரென்று காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வாத்தியங்களைப் பற்றியும் யோசித்தாக வேண்டும். ஈரம் பட்ட வில்மயிரில், அதில் பூசும் ரோசின் பிசின் திரண்டு ஒட்டிக்கொள்ளும், அந்த வில் அன்றைக்கு உதவாது. ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் ஒரு கைத்துண்டு. தண்ணீரிலிருந்து வாத்தியத்துக்குத் திரும்ப எத்தனை நொடி இருக்கிறது என்பதை முதல் ஒத்திகையிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். பீபாவுக்கு இன்னொரு சிக்கல்: வலக்கை விரல்களில் செயற்கை நகங்களை ஒட்டுநாடாவால் கட்டியிருப்பார்கள், ஈரத்தில் நாடா நழுவும். தோழி தண்ணீரைத் தொடும் இடங்களில் இடக்கையை மட்டும் பயன்படுத்த வழியிருக்கிறதா என்று பாருங்கள். நாடாவைக் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றுவதும் நல்லது. வாத்தியம் வைக்கும் நாற்காலி பாத்திரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

கல்லுக்கு உள்ளங்கையில் அடங்கும் வழவழப்பான கருங்கல். மணற்கல் மழுங்கலாக ஒலிக்கும், உதிரவும் செய்யும். இறுக்கிப் பிடித்தால் ஒலி அடைபடும். குவித்த இடக்கையில் தளர்வாக வைத்து அடித்து, கையைத் திறந்து மூடினால் நிறம் மாறுவது கேட்கும். சில்லு தெறிக்கலாம், கண்ணாடி அணிவது தவறில்லை.

தாள்தான் பலர் அசட்டை செய்வது. 90 கிராம் டிரேசிங் தாள் மொறமொறப்பாகப் பேசும். பழுப்பு கிராஃப்ட் தாள் கீழ்க்குரலில் உறுமும். ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளத்தில் தொங்கவிட்டு, அடியில் மெல்லிய மரக்கம்பி செருகினால் குலுக்கும்போது அலை ஒழுங்காக ஏறும். கிழிக்க வேண்டிய தாளை முன்கூட்டியே மூலையில் கிழித்துப் பாருங்கள்: இழை போகும் திசையில் நேராகவும், குறுக்கே கோணலாகவும் போகும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இரவெல்லாம் திறந்த இடத்தில் கிடந்த தாள் துவண்டு, கூர்மையான ஒலியை இழந்துவிடும். சுருட்டிப் பையில் மூடி வைத்து, குளிரூட்டி ஓடும் அரங்கில் நிகழ்ச்சியன்று தொங்கவிடுங்கள். தாளில் நிழல் விழவைக்க ஒரே ஒரு சிறிய எல்இடி விளக்கு போதும். இரண்டு விளக்கு வைத்தால் நிழல் இரட்டிக்கும், ஹாலஜன் வைத்தால் தாளுக்கு ஆபத்து. ஒத்திகையில் கிழிப்பதற்குச் செய்தித்தாள் போதும். நல்ல தாளைக் கடைசி இரண்டு ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் கணக்கிட்டு வாங்குங்கள்.

150 இருக்கை அரங்கில் தண்ணீர் ஒலி இயல்பாகவே கேட்கும், குளிர்சாதனத்தின் இரைச்சல் விட்டால். அரங்கு பார்க்கப் போகும்போது முதலில் அதைக் கவனியுங்கள். மைக் தவிர்க்க முடியாவிட்டால், பாத்திர விளிம்பிலிருந்து 20-30 செ.மீ. உயரத்தில் சாய்வாக ஒன்று. எதிரொலி சேர்க்க ஒலிப்பதிவாளர் ஆசைப்படுவார், சம்மதிக்காதீர்கள். வயர்கள் தரையில் தண்ணீர்ப் பக்கம் ஓடக் கூடாது.

‘கோஸ்ட் ஓபரா’வுக்கு மட்டும் எட்டு வாரம் வைத்துக்கொண்டால், முதல் மூன்று வாரம் உட்கார்ந்தபடியே சுரங்கள், கத்தல், பாட்டு. தந்தி வாசிப்பவர்களுக்குக் கத்தக் கூச்சம் வரும். அதைத் தள்ளிப்போட்டால் நிகழ்ச்சியன்று முனகலாக வரும். நான்காம் வாரம் காலிப் பாத்திரங்களோடு நடை, தரையில் ஒட்டுநாடாக் குறிகள். ஐந்தாம் வாரத்திலேயே தண்ணீரைக் கொண்டுவந்துவிடுங்கள். கடைசி நாளில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் குழுக்களுக்குக் கை துடைக்கும் நேரம் கணக்கில் இருக்காது. அங்கேதான் சேர்ந்திசை குலையும்.

நிகழ்ச்சியில் முதல் பாதிக்கு ‘எய்ட் கலர்ஸ்’, இடைவேளைக்குப் பின் ‘கோஸ்ட் ஓபரா’ என்று வைத்தால், இடைவேளை 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. தாளையும் காலிப் பாத்திரங்களையும் முன்பே பொருத்திவிட்டு, தண்ணீரை மட்டும் அப்போது ஊற்றலாம். ஸ்கோருக்கு ஜி. ஷர்மர் பதிப்பகத்தையும், பொது நிகழ்ச்சி உரிமத்துக்கு உங்கள் ஊரின் இசை உரிம அமைப்பான காம்பஸையும் நாடுங்கள். நடமாட்டத்துக்காக, வாசிக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்கோரின் ஒரு நகல் வைக்க விரும்பினால், அதையும் பதிப்பகத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.