புண்ணைக் காற்றாட விடலாமா?

கேள்வி: முழங்கால் சிராய்ப்பு மூன்றாம் நாள் சுற்றிலும் சிவந்து, மேலே மஞ்சளாகப் படர்ந்திருக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா? காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறுமா?

பதில்: மூன்றாம் நாளில் கொஞ்சம் சிவப்பு இருப்பது வழக்கம்தான். அடிபட்டதும் அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்னும் பாதுகாப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, திரவம் கசிகிறது. சூடும் வீக்கமும் அதனால்தான். சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்னும் துப்புரவுச் செல்கள் வந்து செத்த செல்களை அப்புறப்படுத்துகின்றன. புதுத் திசு கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வரவழைப்பதும் அவைதான். அதனால் இந்த அழற்சியே (சிவப்பு, சூடு, வீக்கம்) இல்லாமல் புண் ஆறாது.

மெல்லிய மஞ்சள் படலம் பெரும்பாலும் ஃபைப்ரின், அதாவது ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத இழை. ஒட்டிக்கொண்டிருக்கும், நாற்றம் இருக்காது. சுரண்டி எடுக்காதீர்கள். சீழ் என்றால் கெட்டியாக இருக்கும், துடைத்தாலும் திரும்ப ஊறும். சந்தேகம் இருந்தால் சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். அந்தப் பேனாக் கோட்டைச் சிவப்பு தாண்டினாலோ, இரண்டு நாளுக்குப் பிறகு வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண்ணிலிருந்து சிவப்பு ஒரு வரி போல மேல்நோக்கி ஏறினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டுப் பார்த்து, சூட்டையும் வலியையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

காற்றாட விடுவது தேவையில்லை. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் செய்த ஆய்வில், பிளாஸ்டிக் பிலிம் போட்டு ஈரம் காத்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. பொருக்குத் தட்டினால் தோல் செல்கள் அதன் அடியில் ஈரமுள்ள ஆழத்தைத் தேடி ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது, தாமதம் அதனால்தான். கைகழுவிவிட்டு, ஓடும் குழாய் நீரில் 5 முதல் 10 நிமிடம் அலசுங்கள். மண் துகள் உள்ளே தங்கினால் பச்சை குத்தியது போல நிரந்தரக் கறையாகிவிடும். ஒற்றித் துடைத்து, வாஸ்லின் மெல்லியதாகத் தடவி, ஒட்டாத டிரஸ்ஸிங்கால் மூடுங்கள். தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே. வெறும் காஸ் துணி ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் நனைத்து எடுங்கள். பிய்த்தால் புதுத் தோலும் சேர்ந்து வரும். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றுகிறவர்கள் அதிகம். நுரை வருவது மனசுக்குத் திருப்தியாக இருக்கலாம், ஆனால் அது ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் கொல்லும்.

மண் பட்ட காயம், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டிவிட்டது என்றால் ஊசி தேவைப்படும்.

கேள்வி: தையல் பிரித்தாயிற்று. இனி பயமில்லையா?

பதில்: மேலே மூடிவிட்டது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில்கூட அந்த இடத்துக்கு இயல்பான தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். தோலுக்கு வலு தரும் புரதம் கொலாஜன். அவசரமாகப் போட்ட மூன்றாம் வகைக் கொலாஜன் கழிந்து, முதல் வகைக் கொலாஜன் குறுக்குப் பிணைப்புகளோடு அமைய மாதங்கள் ஆகும். அப்போதும் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் வராது. மூட்டின் மேல் உள்ள தையல் என்றால் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்று அறுவை என்றால் எப்போது எடை தூக்கலாம் என்பதை அறுவை செய்தவரிடமே கேளுங்கள். புகைபிடித்தல், கட்டுப்படாத சர்க்கரை, தொடர்ந்து எடுக்கும் ஸ்டீராய்டு, வைட்டமின் சி குறைவு இந்த நான்கும் ஆறுதலைத் தாமதமாக்கும்.

கேள்வி: ஆறும் புண் ஏன் நமைக்கிறது?

பதில்: ஹிஸ்டமினும், திரும்ப வளரும் நரம்பு முனைகளும் காரணம். வாஸ்லின் போதும். ஆனால் பிளாஸ்டர் ஒட்டிய வடிவத்திலேயே தடிப்பு வந்தால், அது அந்தப் பசைக்கோ களிம்புக்கோ ஒவ்வாமை; மாற்றிவிடுங்கள்.