மாமாவுக்கு சிஎம்எல் (மெதுவாக வளரும் ஒருவகை ரத்தப் புற்று). கீமோ வேண்டாம், ஒரு மாத்திரை போதும் என்கிறார் டாக்டர். அது எப்படி? 'சிக்னல் புரதம் கெட்டுவிட்டது' என்றால் என்ன? அதே மாத்திரை மற்ற புற்றுக்கும் கேட்குமா?

கீமோவைத் தள்ளிப்போடுகிறார்களோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் மாமாவின் நோயில் மூலக்காரணம் ஒரே ஒரு புரதம். அதைக் குறிவைக்கும் மாத்திரை இருப்பதால்தான் டாக்டர் அப்படிச் சொல்கிறார்.

'பெருகு' என்ற உத்தரவு செல்லுக்கு வெளியிலிருந்து வரும். அதை உள்ளே கடத்துபவை பெரும்பாலும் கைனேஸ் புரதங்கள். ஒன்று அடுத்ததன்மேல் பாஸ்பேட்டை ஒட்டும். அது விழித்துக்கொண்டு அதற்கடுத்ததில் ஒட்டும். வேலை முடிந்ததும் பாஸ்பேட்டைக் கழற்ற வேறு நொதிகள் உண்டு. வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) புளோக்கில் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தி விரலை எடுத்தால் பொத்தான் வெளியே வந்துவிடும் இல்லையா? அதில் யாராவது பற்குச்சியைச் செருகிவிட்டால் ஆளே இல்லாத மாடிக்கும் மின்தூக்கி வந்துகொண்டே இருக்கும். சிஎம்எல்லில் நடப்பது அதுதான்.

பற்குச்சி எங்கிருந்து வந்தது? 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன 22-ஐ 1960-இல் பிலடெல்பியாவில் கண்டார்கள். அது இடமாற்றத்தின் விளைவு என்று 1973-இல் காட்டியவர் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி. 9-இல் உள்ள மரபணு உருவாக்கும் ஏபிஎல் என்ற கைனேஸுக்குத் தலைப்பக்கத்தில் ஒரு கொழுப்பமிலத் தாழ்ப்பாள் உண்டு. அது புரதத்தின் உடம்பிலேயே உள்ள குழிக்குள் மடங்கி அதைப் பூட்டி வைக்கும். துண்டு மாறியபின் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல்லில் தாழ்ப்பாள் இல்லை. அங்கே 22-இலிருந்து வரும் பிசிஆர் என்ற வேறொரு புரதத்தின் துண்டு ஒட்டியிருக்கிறது. அதன் நுனி நான்கு மூலக்கூறுகளை ஒன்றாகக் கட்டும். கட்டுண்டவை ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொள்கின்றன. அங்கிருந்து ராஸ், பிஐ3கே, ஸ்டாட்5 என்ற புரதங்களின் மூன்று வழியாகப் போகும் செய்தி இரண்டுதான்: பெருகு, சாகாதே.

கைனேஸ் பாஸ்பேட்டை எடுப்பது செல்லின் எரிபொருளான ஏடிபியிடமிருந்து. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மாத்திரை அந்த ஏடிபி உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வழக்கமான அளவு தினமும் 400 மில்லிகிராம். சாப்பாட்டோடு, ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும். இதே வகையில் பின்னர் வந்த நிலோட்டினிப் இதற்கு நேர்மாறு: எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பும் 1 மணி நேரம் பின்பும் சாப்பிடக் கூடாது. மருந்தை மாற்றும்போது பலர் பழைய வழக்கத்தையே தொடர்ந்துவிடுகிறார்கள். பம்பளிமாஸ் வகைப் பழங்கள் கல்லீரல் நொதியை அடக்கி மருந்தின் அளவை ஏற்றிவிடும், அவை வீடுதோறும் இருக்கும் சீனப் புத்தாண்டு நேரத்தில் கவனம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை அளவை இறக்கிவிடும்.

மாத்திரை கேட்கிறதா என்பதைச் சொல்வது பிசிஆர் சோதனை. (புரதத்தின் பெயரும் சோதனையின் பெயரும் தமிழில் ஒன்றுபோல் வரும், குழம்ப வேண்டாம். இது கோவிட் காலத்தில் பார்த்த அதே சோதனை முறை.) ரத்த அணு எண்ணிக்கை சில வாரங்களிலேயே சீராகிவிடும், அதை வைத்து நிம்மதியடைவது தவறு. ரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல் அளவு, சர்வதேச அளவுகோலில் 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1-க்குள், ஓராண்டில் 0.1-க்குள் வர வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

எண் இறங்கவில்லையென்றால் முதலில் எண்ண வேண்டியது மாத்திரை அட்டையை. மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் தவறினாலே பலன் பெரிதாகக் குறைகிறது. அதற்காக விட்டதைச் சேர்த்து இரட்டையாக விழுங்கக் கூடாது. ஒழுங்காக எடுத்தும் ஏறினால் புரதமே உருமாறியிருக்கலாம். மோசமானது டி315ஐ: 315-ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்து, மருந்து உட்காரும் இடம் அடைபடுகிறது. நிலோட்டினிப், தசாட்டினிப் என்ற மாற்று மாத்திரைகளும் தோற்கும். பொனாட்டினிப் வேலை செய்யும். அசிமினிப் இன்னும் அழகு: தொலைந்த தாழ்ப்பாளின் காலிக் குழிக்குள் இது போய் மாட்டிக்கொள்கிறது.

மருந்து கேட்காததற்கு இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்ததில் நம்மூர் சிங்கப்பூரின் ட்யூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளிக் குழுவுக்குப் பங்குண்டு. சிக்னல் அடங்கினாலும் செல் சாவதற்கு பிம் என்ற புரதம் வேண்டும். கிழக்காசியர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே அந்த மரபணுவில் ஒரு துண்டு இல்லை, அவர்களுக்கு மருந்தின் பலன் குறைகிறது என்று 2012-இல் வெளியிட்டார்கள். இஜிஎஃப்ஆர் (செல்லின் மேற்பரப்பில் 'பெருகு' உத்தரவை வாங்கும் கைனேஸ்) மாற்றமுள்ள நுரையீரல் புற்றிலும் இதையே கண்டார்கள்.

மற்ற புற்றுக்கு இதே மாத்திரை கேட்குமா என்பது, எந்தப் பொத்தான் சிக்கியது என்பதைப் பொறுத்தது. இமாட்டினிப் கிட் என்ற கைனேஸையும் அடைக்கும். ஆகவே வயிற்றில் வரும் ஜிஸ்ட் கட்டிக்கு உதவுகிறது. பெருங்குடல் புற்றில் இஜிஎஃப்ஆரை அடைக்கும் செட்டக்ஸிமாப் கொடுக்குமுன் ராஸ் சோதனை கட்டாயம், ஏனென்றால் கோளாறு அதற்குக் கீழே ராஸில் இருந்தால் மேலே அடைத்துப் பயனில்லை. சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃபும் 2022 செப்டம்பரிலிருந்து பட்டியலில் உள்ள புற்று மருந்துகளுக்குத்தான் கொடுக்கிறது. எந்த நோய்க்கு என்பதும் சேர்த்தே பட்டியலில் இருக்கும்.

ஏஎம்எல் என்ற வேகமான ரத்தப் புற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எஃப்எல்டி3 கைனேஸ் கெட்டிருக்கும். ஆனால் அங்கே அது பல கோளாறுகளில் ஒன்று, எல்லாப் புற்றுச் செல்லிலும் அது இருக்கும் என்பதும் இல்லை. அதனால் முதல் கட்டச் சிகிச்சையில் மைடோஸ்டாரின் போன்ற மாத்திரையைக் கீமோவோடு சேர்த்துத்தான் தருகிறார்கள்.